சாலவாக்கம் ஏரியில் இறங்கிய விமானமும் ஒரு சாம்பல் கோடும்

போன வாரம் ஒருவர் இந்தப் பக்கத்தில் கேள்வி போட்டிருந்தார். இரண்டு பேர் உட்காரும் சொந்த விமானம் வைத்திருக்கிறாராம். மனைவியை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் போய்வர ஆசையாம். என்னென்ன காகிதம் வேண்டும், எங்கே இறங்கவேண்டும், வழியில் எஞ்சின் மக்கர் செய்தால் கண்ட இடத்தில் இறங்கலாமா என்று வரிசையாகக் கேட்டிருந்தார். நாற்பது வருஷம் சின்ன விமானங்களின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் நான். அதனால் என்னிடம் கேட்கிறார்கள். முதல் இரண்டு கேள்விக்கும் அன்றே பதில் போட்டுவிட்டேன். மூன்றாவதற்கு உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. மூன்று நாளாகத் தள்ளிப்போட்டு, இன்று எழுதுகிறேன்.

சுருக்கமான பதில், இறங்கலாம் என்பது. நீளமான பதில் கீழே இருக்கிறது. தம்பி, அவசரமாக இருந்தால் கடைசிப் பத்திகளை மட்டும் படித்துவிட்டுப் போய்விடு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அறுபதுகளின் ஆரம்பம். ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. யாழ்ப்பாணத்தில் நல்லதம்பி என்ற லாரி முதலாளியிடம் வேலை பார்த்தேன். அவருக்கு ஆறு லாரியும், நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம் ஒன்றும் இருந்தன. லாரி பிழைப்புக்கு, விமானம் பித்துக்கு. மதராஸில் ஒரு விமான ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்து ஸ்பானர் பிடிக்கக் கற்றவன் என்பதால் என்னைத் தேடிக் கூட்டிப்போனார். என் சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம், சாலவாக்கம் ஏரிக்குக் கிழக்கே இருந்த சேரி. ஏழுமலை என்று பெயர் வைத்தார்கள். பாஸ்போர்ட்டிலும் அதுதான்.

புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குத் தந்தி வந்தது. அம்மா சீரியஸ், உடனே புறப்படு. அனுப்பியது பவுனு அக்கா. எழுதப் படிக்கத் தெரியாத அக்கா, தபாலாபீசில் யாரைக் கெஞ்சி அனுப்பினாளோ தெரியாது. ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, மறுபடி ரயிலில் செங்கல்பட்டு என்று போனால் எப்படி ஓடினாலும் வெள்ளிக்கிழமை ஆகிவிடும். தந்தியை நல்லதம்பி ஐயாவிடம் காட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், இரவு எட்டு மணிக்குத் திரும்பி வந்தார். "விடிய வெளிக்கிடுவம். நேர மெட்ராஸ்" என்றார்.

அந்த நாளில் சின்ன விமானத்தில் எல்லை தாண்ட என்ன வேண்டியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். விமானத்துக்குப் பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்று, பயணக் குறிப்புப் புத்தகம், அது திரும்பி வந்துவிடும் என்பதற்குச் சுங்க உத்தரவாதம். ஆளுக்குப் பாஸ்போர்ட், விசா, அம்மைக்கும் காலராவுக்கும் ஊசி போட்ட அட்டை. இதற்கு மேல், யார் யார் போகிறார்கள், என்ன கொண்டுபோகிறார்கள் என்ற அறிக்கை மூன்று படி. எந்த வழி, எத்தனை மணிக்கு, எவ்வளவு பெட்ரோல் என்று திட்டத் தாள் ஒன்று. எல்லாவற்றையும்விட முக்கியம், கிளம்புவதும் முதலில் இறங்குவதும் கஸ்டம்ஸ் இருக்கிற விமான நிலையத்தில்தான் இருக்கவேண்டும். இந்தக் கரையில் திருச்சியும் மதராஸும் அப்படிப்பட்டவை. ஐயா மதராஸ் என்று எழுதினார். திருச்சியில் இறங்கினால் இரண்டு மணி நேரம் வீண் என்று அவரை அவசரப்படுத்தியவன் நான். திருச்சியில் இறங்கி முத்திரை வாங்கியிருந்தால் அதற்குப் பிறகு நாங்கள் உள்ளூர் விமானம். எங்கே இறங்கினாலும் கேட்பாரில்லை. இது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை.

வியாழன் காலை 7.40க்கு யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலியில் எழும்பினோம். இரண்டாயிரம் அடி. கீழே கடல் ஈயம் பூசிய மாதிரி அசையாமல் கிடந்தது. 8.05க்குக் கோடியக்கரை. முப்பத்தேழு மைல் கடலைத் தாண்ட இருபத்தைந்து நிமிஷம். பிறகு கரையோரமாகவே வடக்கே போனோம். நாகப்பட்டினம், கடலூர் என்று ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. மற்ற நாளாக இருந்தால் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன். அன்று கடிகாரத்தைத்தான் பார்த்தேன். ஐயாவும் அதைக் கவனித்திருக்கிறார்.

9.15க்குப் பாண்டிச்சேரி தெரிந்தது. ஐயா தொடைமேல் வரைபடத்தை விரித்து விரலால் அளந்தார். மீனம்பாக்கத்தில் 10.10. காகிதம் முடிய 11.30. டாக்சி பிடித்து, செங்கல்பட்டு வழியாக ஐம்பது மைல். வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர மதியம் ஒன்றரை மணி.

எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் பேசவேண்டும். "தம்பி, உன்ர ஊருக்குப் பக்கத்தில இறங்க இடம் இருக்கோ?" என்று கத்தினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும், "இருக்குங்கய்யா. ஏரி காஞ்சி கெடக்கும். நடுவுல கட்டாந்தரை" என்றேன்.

"எஞ்சின் பழுதெண்டால் எங்கயும் இறக்கலாம். சட்டத்தில இடம் இருக்கு. நான் படிச்சிருக்கிறன்" என்றார். அப்படிச் சொல்லிக்கொண்டே விமானத்தை இடப்பக்கம் சாய்த்தார். எஞ்சின் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கோளாறும் இல்லை. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஐயா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. இனி சொன்னால் யாருக்கும் கெடுதல் இல்லை.

9.50க்கு ஏரியில் இறங்கினோம். இறங்குவதற்கு முன் ஒரு சுற்று சுற்றியபோது எங்கள் சேரியின் பனைமரங்களைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக் கூரையையும் பார்த்தேன். வாசலில் பந்தல் இல்லை, கூட்டம் இல்லை. அப்பாடா, இருக்கிறாள் என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டேன். ஒன்றரை மைல். அரை மணி நடை. ஓடினால் கால் மணி.

ஏரிக்குள் ஒரு செங்கல் சூளை இருந்தது. அதில் வேலை செய்தவர்கள்தான் முதலில் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு முன்சீப் வந்தார். கிராம முன்சீப் என்றால் இந்தக் காலத்தவருக்குத் தெரியாது. வரி வசூல், பிறப்பு இறப்புக் கணக்கு, சண்டை சச்சரவு எல்லாம் அவர் கையில். தணிகாசலம் என்று பெயர். என் அப்பா செத்தது அவருடைய நிலத்தில் வேலை செய்துதான். கூடவே ஊர்க் காவலுக்கு இருந்த தலையாரி, கையில் தடியோடு.

"இன்னாடா இது, ஏரில வந்து எறக்கிக்கினு? எவன் குடுத்தான் பர்மிசன்?" என்றார் முன்சீப். பிறகு என்னைப் பார்த்தார். ஷூ, பேண்ட், இன் பண்ணிய சட்டை. முகம் மட்டும் பழக்கமாக இருந்திருக்கிறது. "நீ முனியம்மா புள்ள இல்ல?"

"ஆமா சார்" என்றேன். எங்கள் ஆட்கள் அவரை 'ஆண்டே' என்று கூப்பிடுவதுதான் வழக்கம். நான் வேண்டுமென்றே சார் என்றேன். அந்த வயசுத் திமிர். அதற்கு அன்று எனக்கு நேரம் இருந்தது பாருங்கள்.

ஐயா சிரித்துக்கொண்டே பையிலிருந்து சட்டப் புத்தகத்தை எடுத்தார். எஞ்சின் கோளாறு, அதனால் இறங்கினோம், இதோ பாருங்கள் சட்டமே அனுமதிக்கிறது என்று அந்தப் பக்கத்தைத் திறந்து முன்சீப் கையில் கொடுத்தார். சின்ன விமானம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கத்தை அப்படித்தான் படித்திருந்தார்கள். விபத்து, புயல், வேறு தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் கஸ்டம்ஸ் இல்லாத இடத்திலும் இறங்கலாம். அதோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

முன்சீப் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தார். ஐயா காட்டிய வரி முடிந்தது. முன்சீப்பின் விரல் நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போனது. படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது.

"இதுக்குக் கீய இன்னா போட்டுக்கீது, படிச்சீங்களா?" என்று கேட்டார்.

ஐயா எட்டிப் பார்த்தார். அப்படி இறங்கினால் உடனே கஸ்டம்ஸ் அதிகாரிக்கோ போலீசுக்கோ தகவல் சொல்லவேண்டும். அவர்கள் சம்மதம் இல்லாமல் ஒரு பொருளையும் இறக்கக் கூடாது. பயணி ஒருவரும் விமானத்தின் அருகாமையை விட்டுப் போகக் கூடாது. ஐயாவின் சிரிப்பு அப்படியே உறைந்துபோனது. "ஐயோ" என்றார், அவ்வளவுதான்.

மணி பத்து இருபது. தலையாரியின் மச்சானைச் சைக்கிளில் உத்திரமேரூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பினார் முன்சீப். ஒன்பது மைல் மண் ரோடு. அங்கிருந்து மதராஸ் கஸ்டம்சுக்கு டிரங்கால். எப்போது லைன் கிடைக்கும், எப்போது ஆள் கிளம்புவார் என்று யாருக்கும் தெரியாது. நான் முன்சீப்பிடம் தந்தியை நீட்டினேன். அதையும் விரல் வைத்துப் படித்தார்.

"தெரியும்டா. நாலு நாளா இஸ்துக்கினு கீது ஒங்கம்மா. ஆனா நா இன்னா பண்றது சொல்லு. போன வருசம் ஒரு எடத்துல கையெய்த்து போட்டுட்டு ஆறு மாசம் சஸ்பெண்டுல கெடந்தேன். சிலோன்லருந்து வர்ற பிளேனு. தங்கம் கிங்கம்னு வந்து நின்னா மொதல்ல எங் கய்த்ததான் புடிப்பானுங்கோ."

பிறகு அவர் செய்ததுதான் இந்தக் கதையில் முக்கியம். அருகாமை என்றால் எவ்வளவு தூரம் என்று புத்தகத்தில் இல்லை. அவருக்கு அது பெரிய பிரச்சினையாகிவிட்டது. எங்கள் பக்கம் வரி கட்டாதவனின் நெல்லைக் களத்திலேயே ஜப்தி செய்வார்கள். அம்பாரத்தைச் சுற்றிச் சாம்பலால் கோடு போட்டுவிடுவார்கள். அதிகாரி வந்து பார்க்கும்வரை அந்தக் கோடு கலையக் கூடாது. உள்ளேயிருந்து ஒரு நெல்மணி வெளியே வரக் கூடாது, வெளியேயிருந்து கோழிகூட உள்ளே போகக் கூடாது. முன்சீப்புக்குத் தெரிந்த சட்டம் அது. சூளையிலிருந்து இரண்டு கூடை சாம்பல் வந்தது. இறக்கை நுனியிலிருந்து முப்பது தப்படி அளந்து, விமானத்தைச் சுற்றித் தலையாரி கோடு போட்டார். நெல் அம்பாரத்துக்குப் பதில் நாங்கள் இரண்டு பேர் உள்ளே.

எங்கள் தாத்தா, அப்பா எல்லோரும் அந்தக் கோட்டுக்கு வெளியே ராத்திரி பகலாகக் காவல் இருந்தவர்கள். பிள்ளை பசியில் அழுதாலும் தாண்டியதில்லை. பாஸ்போர்ட் வைத்திருந்த எனக்கும் அந்தச் சாம்பலைப் பார்த்ததும் கால் கூசியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

ஐயா என் பக்கத்தில் வந்தார். "தம்பி, நீ போ. வாறது வரட்டும், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

முன்சீப் காதில் அது விழுந்தது. "போடா, போவணும்னா போ. நா கையப் புடிக்கல. ஆனா வந்த ஆளு ரெண்டு, இருக்கிற ஆளு ஒண்ணுன்னு எய்திப்புடுவேன். அப்புறம் இவரு பிளேனும் இவருக்கு இல்ல, ஊரு போய்ச் சேர்றதும் இல்ல" என்றார். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதுதான் என்னை நிறுத்தியது. எனக்காகப் பொய் சொல்லி இறங்கிய மனுஷனை மாட்டிவிட்டு ஓட எனக்குக் கால் வரவில்லை. ஓடியிருக்கவேண்டும் என்று இப்போதும் சில நாள் தோன்றுகிறது. சில நாள் தோன்றுவதில்லை.

பதினொன்றேகாலுக்குப் பவுனு அக்கா ஓடிவந்தாள். தலைவிரிகோலம். கோட்டுக்கு வெளியே தலையாரி தடியைக் குறுக்கே நீட்டினார்.

"டேய் ஏயுமல! இன்னாடா இங்க நின்னுக்கினு கீற? அம்மா கண்ணு தொறக்காம ஒம் பேரயே சொல்லிக்கினு கீது. வாடா வூட்டுக்கு!"

"வர முடியாதுக்கா. ஆபீசர் வர்ற வரைக்கும் இத்தத் தாண்டக் கூடாதாம்."

"இன்னா இது, சாம்பலு! காலால தள்ளிட்டு வாடா!" என்று கத்தினாள். பிறகு முன்சீப் பக்கம் திரும்பி மண்ணில் விழுந்தாள். "ஆண்டே, ஒரு நாழி வுடு ஆண்டே. மூஞ்சியக் காட்டிட்டு வந்துரட்டும்."

நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். "ஆண்டே, வுடுங்க" என்றேன். காலையில் சார் என்று கூப்பிட்ட வாய். முன்சீப் குடையை முகத்துக்கு முன்னால் சாய்த்துக்கொண்டார். 

அக்கா எழுந்து கண்ணைத் துடைத்தாள். "நீ வர முடியாதுன்னா அம்மாவ இங்க தூக்கினு வரோம். ஏன் ஆண்டே, அதுக்கும் சட்டம் கீதா?" என்று கேட்டாள். வெளியே இருப்பவர்கள் கோட்டுவரை வருவதற்குத் தடை எதுவும் புத்தகத்தில் இல்லை. முன்சீப் தலையாட்டினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். வேண்டாம் அக்கா, வெயில் மண்டையைப் பிளக்கிறது, அவள் தாங்கமாட்டாள் என்று நான் சொல்லியிருக்கவேண்டும். நான் சரி என்றேன். எனக்கு அவளைப் பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. என் ஆசைக்காகச் சொன்னேன்.

அக்கா போன பிறகு இன்னொரு காரியம் செய்தேன். வருகிற அதிகாரி எஞ்சினை ஓட்டிக் காட்டச் சொன்னால் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொள்ளும். ஐயா மாட்டிக்கொள்வார். மூக்கு மூடியைத் திறந்து, ரிப்பேர் பார்ப்பதுபோல் பெட்ரோல் வடிகட்டியைக் கழற்றி, கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீரை அதில் ஊற்றினேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டது, அதனால் எஞ்சின் விக்கியது. கேட்கிறவர் நம்பும்படியான கோளாறு. ஐயா பார்த்துக்கொண்டே இருந்தார். முழங்கைவரை பெட்ரோல். கழுவத் தண்ணீர் மிச்சமில்லை.

1.05க்குக் கட்டில் வந்தது. நாலு பேர் தோளில் கயிற்றுக் கட்டில், மேலே ஈரப் புடவையை நிழலுக்குப் பிடித்துக்கொண்டு அக்கா. ஏரிக்கரையில் ஏறி இறங்கும்போது கட்டில் ஒரு பக்கம் சரிந்ததை நான் இங்கிருந்தே பார்த்தேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். நான் இந்தப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தேன். நடுவில் விரல்கடை அகலத்துக்குச் சாம்பல்.

முன்சீப் வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். "தலய மட்டும் மடில வெச்சிக்கோ. ஒடம்பு அந்தாண்டயே இருக்கட்டும்" என்றார். சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். கட்டிலை விட்டுக் கோரைப்பாயோடு அம்மாவை இறக்கி, தலையை என் மடியில் வைத்தார்கள். உடம்பு அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. நான் பார்க்காத இரண்டு வருஷத்தில் பாதியாகியிருந்தாள்.

"அம்மா, நான்தாம்மா. ஏயுமல."

கண்ணைத் திறக்க வெகு நேரம் ஆயிற்று. திறந்து என்னைப் பார்த்தாள். என் கையை மோந்தாள். "இன்னாடா நாத்தம்?" என்றாள்.

"பெட்ரோலும்மா."

தலைக்கு மேல் இறக்கையைப் பார்த்தாள். "இதுலயா வந்த?"

"ஆமாம்மா."

"எறங்கிட்ட இல்ல? அப்புறம் இன்னா ஏரில உக்காந்துக்கினு? வூட்டுக்கு வாடா."

"வரேம்மா. ஆபீசர் வந்ததும் வந்துர்றேன்."

"வூட்டுக்கு வா" என்று இன்னும் இரண்டு தடவை சொன்னாள். பிறகு சொல்லவில்லை. மூச்சு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஐயா தன் சட்டையைக் கழற்றி எங்கள் இருவர் தலைக்கும் மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு வெற்றுடம்போடு வெயிலில் நின்றார். 2.20க்கு மூச்சு நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்தது மெக்கானிக் பழக்கம். வேறு ஒன்றுமில்லை.

அம்மாவை மறுபடி கட்டிலில் கிடத்தினார்கள். ஜீப் 5.10க்கு வந்தது. கஸ்டம்ஸ் அதிகாரி, ஒரு போலீஸ்காரர். அதிகாரி நல்ல மனுஷர்தான். கட்டிலைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தார். ஆனால் வேலையை விடவில்லை. விமானத்தில் இருக்கைக்கு அடிவரை தேடினார். சிலோன் விமானத்துக்கும் வெளி ஆட்களுக்கும் தொடுப்பு ஏற்பட்டுவிட்டது என்பதால் கட்டிலையும் பார்க்கவேண்டியிருந்தது. தலைக்கு வைத்திருந்த துணி மூட்டையை அவிழ்த்தார். உள்ளே ஒரு பழம் புடவை, நான் அனுப்பிய கடிதங்கள். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எஞ்சின்ல என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"பெட்ரோல்ல தண்ணி சார்" என்று வடிகட்டியை எடுத்துக் காட்டினேன். தூக்கிப் பார்த்து எழுதிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் தரையில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். அது என்ன என்று கேட்டார். முன்சீப் பெருமையும் பயமுமாகச் சொன்னார்.  "கிராமத்துக்கு நீங்கதானே போலீஸ் மாதிரி? தலையாரியைக் கூட அனுப்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வந்திருக்கலாமே. நான் என்ன கேட்டிருக்கப் போறேன்?" என்றார் அதிகாரி.

முன்சீப் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.  

அதிகாரி எனக்குக் கொடுத்த தாளில் இந்தியாவுக்குள் அனுமதிக்கப்பட்ட நேரம் 5.40 என்று எழுதி முத்திரை குத்தினார். தலையாரி காலால் சாம்பலைக் கலைத்துவிட்டார். நான் கட்டிலின் ஒரு காலைத் தோளில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அரை மணி ஆயிற்று. ஐயா போலீஸ் காவலில் விமானத்தோடு தங்கி, மறுநாள் நான் வடிகட்டியைச் சுத்தம் செய்து கொடுத்ததும் தனியாக மதராஸ் போனார். அதற்குப் பிறகு பதினொரு வருஷம் அவரிடம் வேலை செய்தேன். அந்த நாளைப் பற்றி இருவரும் ஒருமுறைகூடப் பேசியதில்லை.

காரியம் முடிந்து, இறப்பைப் பதிய முன்சீப் வீட்டு வாசலுக்குப் போனேன். பெரிய நோட்டைத் திறந்து எழுதினார். பெயர் முனியம்மா. இடம் ஏரி உள்வாய், அதாவது ஏரிக்குள். நேரம் பகல் 2.20. கூட இருந்தவர் யார் என்று ஒரு கட்டம். என் பெயரைச் சொன்னேன். பேனா நின்றது.

"ஒம் பேரு போட முடியாதுடா" என்றார். "நீ இந்தியாவுக்குள்ள வந்தது அஞ்சு நாப்பதுன்னு அந்தாளு எய்தி, நா சாட்சிக் கையெய்த்து போட்டுக்கீறேன். இங்க ரெண்டு இருவதுக்கு நீ கூட இருந்தன்னு எப்பிடி எய்தறது? ரெண்டும் எங் கையெய்த்து. ஒண்ணோட ஒண்ணு இடிக்குது பாரு."

"எம் மடிலதானே ஆண்டே செத்துது?"

"தெரியும்டா. நாந்தான பாத்தேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. கலங்கிய கண்ணோடு அக்கா பெயரை எழுதினார். அம்மா செத்தபோது அக்கா இந்தியாவில் இருந்தாள், நான் இல்லை. சர்க்கார் கணக்கில் இன்றும் அப்படித்தான் இருக்கிறது.

எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். நேரே மதராஸ் போயிருந்தால் ஒன்றரைக்கு வீடு. ஏரியில் இறங்கியதால் 1.05க்கே அவளைப் பார்த்தேன். இருபத்தைந்து நிமிஷம் லாபம். ஆனால் அந்த வெயிலில் ஒன்றரை மைல் அவளைத் தூக்கிவராமல் இருந்திருந்தால் 2.20 என்பது எத்தனை மணியாக இருந்திருக்கும், எந்த நாளாக இருந்திருக்கும் என்பதற்கு என்னிடம் விடை இல்லை. வீட்டிலேயே போயிருப்பாள் என்பது மட்டும் தெரியும்.

சரி, கேள்வி கேட்ட தம்பிக்கு வருகிறேன். இன்றைய விதிகளை என் ஞாபகத்திலிருந்து எடுத்துக்கொள்ளாதே. அறுபது வருஷத்தில் காகிதமும் கட்டணமும் எவ்வளவோ மாறியிருக்கும். கஸ்டம்ஸ் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்கு. எல்லா அறிக்கையிலும் கூடுதலாக இரண்டு படி வைத்துக்கொள். ஊசி அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வை, பெட்டிக்குள் வைக்காதே. எல்லை தாண்டியதும் முதலில் வருகிற கஸ்டம்ஸ் நிலையத்தில் இறங்கி முத்திரை வாங்கு. இரண்டு மணி நேரம் போனால் போகட்டும். சட்டப் புத்தகத்தில் உனக்குச் சாதகமான வரியைக் கண்டுபிடித்தால் அங்கேயே மூடிவிடாதே, அதற்குக் கீழே இருக்கிறதையும் படி. நிஜமாகவே எஞ்சின் நின்றால் இறங்கு, தகவல் சொல், விமானத்தை விட்டு நகராதே. யாராவது வந்தால் சம்மதம் கொடுக்க உங்களுக்கு அதிகாரம் உண்டா என்று முதல் வேலையாக, வாய்விட்டுக் கேள். நாங்கள் கேட்கவில்லை.

எஞ்சின் நன்றாக ஓடுகிறதென்றால், கீழே உன் வீட்டுக் கூரையே தெரிந்தாலும் இறங்காதே. நேரே போ.